நடு இருக்கையும் நாலாவது சீட்டும்

வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் 'ஃபர்ஸ்ட் கிளாஸ் துரை'. காலை எட்டே முக்காலுக்கு மும்பை கோவண்டி ஸ்டேஷனில் அந்தத் துரையை வந்து பார்க்க வேண்டும். ஒரு கால் ரயில் டப்பாவுக்குள், இன்னொரு கால் யாருடைய ஷூ மேலோ. டிபன் பை தலைக்கு மேல். மூக்கு, முன்னால் நிற்பவரின் முதுகுப்பையில். தடுப்புக்கு அந்தப் பக்கம் செகண்ட் கிளாஸ். அங்கேயும் இதே கோலம்தான், நெருக்கம் மட்டும் இன்னும் ஒரு பிடி கூடுதல்.

கப்பல் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் வேலை. மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி நடை. முப்பத்தோரு வருடமாக இதே ஹார்பர் லைன். முதல் இருபது வருடம் செகண்ட் கிளாஸ். முழங்கால் தேய ஆரம்பித்ததும் ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ். காசு கொடுத்து நான் வாங்குவது என்ன என்பது வெகுகாலம் எனக்கே பிடிபடவில்லை. பிடிபட்ட இடம் ஜெர்மனி.

அதற்கு முன் ஃபோர்த் சீட்டைச் சொல்லிவிட வேண்டும். செகண்ட் கிளாஸ் பெஞ்ச் மூன்று பேருக்கானது. நாலாவதாக ஒருவர் வந்து நிற்பார். வாய் திறக்க மாட்டார், புறங்கையை லேசாக ஆட்டுவார், அவ்வளவுதான். மூன்று பேரும் ஜன்னல் பக்கம் ஒடுங்குவார்கள். அவருக்குக் கிடைப்பது ஒரு சாண் பலகை. பாதி உடம்பு பெஞ்சில், மீதி அந்தரத்தில், பாரம் முழுக்க நடைவழியில் ஊன்றிய ஒற்றைக் காலில். குர்லாவில் ஜன்னல்காரர் எழுந்தால் வரிசையே ஒரு இடம் நகரும். அப்போதுதான் அவர் முழுசாக உட்காருவார். ரயில்வே எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்காத உரிமை இது. மறுத்தால் டப்பாவே முறைக்கும். ஃபர்ஸ்ட் கிளாஸில் அந்தப் புறங்கை ஆடாது. மூன்று பேர் என்றால் மூன்று பேர்தான்.

2023 மே மாதம் மியூனிக்கில் சரக்குப் போக்குவரத்துக் கண்காட்சி நடந்தது. முதலாளி தன்னோடு என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்லி, கடைசியில் என்னை மட்டும் அனுப்பினார். மும்பையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட், அங்கிருந்து மியூனிக். இரண்டுமே எகானமி டிக்கெட். ஃபிராங்க்ஃபர்ட் கேட்டில் என் போர்டிங் பாஸைக் காட்டியதும் இயந்திரம் கீச்சிட்டது. விசாவில் ஏதோ வில்லங்கம் என்று வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வேறு சீட்டு ஒன்றைக் கொடுத்தாள். பின்னால் ஆள் நிரம்பிவிட்டதாம், என்னைப் பிஸினஸ் கிளாஸில் போட்டிருக்கிறார்களாம்.

பிஸினஸ் கிளாஸ் என்றதும் சாய்ந்து படுக்கும் நாற்காலி, காலுக்கு மணை என்று சினிமாவில் பார்த்ததெல்லாம் மனதில் ஓடியது. உள்ளே போனால் மூன்றாவது வரிசை, பின்னால் இருக்கிற அதே நாற்காலி. அதே அகலம். முழங்கால் முன் சீட்டில் அதே இடத்தில்தான் இடித்தது. நான் ஜன்னலோரம், நடைவழி ஓரம் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர். நடு இருக்கை காலி. கடைசி நிமிடத்தில் யாராவது வருவார்கள் என்று என் துணிப்பையை மடியிலேயே வைத்திருந்தேன். பெரியவர் தன் கோட்டைக் கழற்றி மடித்து நடு இருக்கையில் வைத்த பிறகுதான் உறைத்தது: அது காலியாக இருக்கவில்லை, காலியாக வைக்கப்பட்டிருந்தது. பீங்கான் தட்டில் ஏதோ குளிர்ந்த மீன் வந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் இறங்க வேண்டிய ஊரும் வந்துவிட்டது.

ஐரோப்பாவுக்குள் பறக்கும் குறுந்தூர விமானங்களில் பெரும்பாலும் இதுதான் வழக்கமாம், கண்காட்சியில் சந்தித்த சரக்குக்காரர்கள் சொன்னார்கள். லுஃப்தான்சா, பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஏர் பிரான்ஸ் எல்லாரும் ஒரு பக்கத்துக்கு மூன்று இருக்கை என்று முன்னிருந்து பின்வரை ஒரே மாதிரி போட்டுவிட்டு, முன் வரிசைகளில் நடு இருக்கையை விற்பதில்லை. விமான நிலையத்தில் தனி அறை, கூடுதல் பெட்டி, வரிசையில் முன்னுரிமை, ஒரு சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் வானத்தில் இருக்கிற நேரத்தில் அவர்கள் விற்பது பக்கத்தில் ஆள் இல்லை என்பதைத்தான். ஒரு மனிதரைக் கழித்துவிட்டு அந்தக் கழிவுக்கு விலை போடுகிறார்கள். கேட்டபோது சிரித்தேன். திரும்பி வந்து கோவண்டியில் ஏறியபோது சிரிப்பு அடங்கிவிட்டது. நானும் பதினோரு வருடமாக வாங்கிக்கொண்டிருப்பது நாலாவது ஆள் வராத பெஞ்சைத்தானே?

நம் நாட்டு விமானங்கள் அப்படி இல்லை. ஏர் இந்தியாவின் சிறிய விமானங்களிலும் முன்பகுதியில் ஒரு பக்கத்துக்கு இரண்டே நாற்காலி, அகலமானவை. 'எல்லாருக்கும் ஒரே இருக்கை' என்றிருந்த இண்டிகோகூட 2024 நவம்பரில் டெல்லி–மும்பை வழித்தடத்தில் 'ஸ்ட்ரெச்' என்று பெரிய இருக்கையைக் கொண்டுவந்துவிட்டது. காசு கொடுத்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நாம்.

ஆனால் அந்த ஐரோப்பிய ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு, அதன் திரை. இரண்டு வகுப்புக்கும் நடுவில் தொங்கும் அந்தத் துணி நகரக்கூடியது. திங்கள் காலை ஆபீஸ்காரர்கள் அதிகமா, திரை பின்னால் போகும். கோடை விடுமுறையில் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் கிளம்புகிறதா, திரை முன்னால் வரும், நடு இருக்கைகளெல்லாம் விற்பனைக்குத் திரும்பிவிடும். நாற்காலி ஒன்றேதான் என்பதால் இது முடிகிறது. எங்கள் லோக்கலில் திரை இரும்பில் அடித்தது.

அந்த இரும்பு பகல் பதினொன்றரை மணிக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஃபர்ஸ்ட் கிளாஸில் ஆறேழு பேர், ஒருவர் காலை நீட்டித் தூங்குகிறார். தடுப்புக்கு அப்பால் சிவாஜி நகர் ஜரி வேலைக்காரர்கள், கைக்குழந்தையோடு சயான் ஆஸ்பத்திரிக்குப் போகிற குடும்பம், எல்லாரும் நின்றுகொண்டு வருகிறார்கள். தெரியாமல் இந்தப் பக்கம் ஏறி, டிக்கெட் பரிசோதகரான டிசி கையில் மாட்டினால் 250 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கட்டண வித்தியாசம். செகண்ட் கிளாஸின் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். ஃபர்ஸ்ட் கிளாஸில் அது 50 ரூபாயாக இருந்து, 2022 மே 5 முதல் பாதியாகி 25க்கு வந்தது. பாஸ் விலையை மட்டும் தொடவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

இந்த நெருக்கடி ஆதியிலிருந்தே இருந்ததல்ல. 1992 வரை மான்கூர்டுதான் இந்த லைனின் கடைசி ஸ்டேஷன். வண்டி அங்கே காலியாகக் கிளம்பும், அடுத்த ஸ்டேஷன் நாங்கள். ஜன்னல் சீட் எங்கள் பரம்பரைச் சொத்து மாதிரி. நாங்கள் குடியிருந்த ஜனதா காலனியை எடுத்து சீட்டா கேம்ப்பில் கொண்டுபோய்ப் போட்ட 1976இல் எனக்கு எட்டு வயது. அப்பாவோடு மான்கூர்டிலிருந்து ரயிலில் போனால் பெஞ்சில் படுத்துக்கொண்டே போவேன். கழிமுகத்தின் மேல் பாலம் வந்தது, வாஷி வந்தது, பிறகு பன்வேல். இன்று கோவண்டிக்கு வரும்போதே வண்டி வழிகிறது. சதுர மீட்டருக்குப் பதினான்கு, பதினாறு பேர் நிற்பதற்கு ரயில்வேக்காரர்கள் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், 'சூப்பர் டென்ஸ் க்ரஷ் லோடு'. சரக்குத் தொழிலில் இருக்கிறவன் சொல்கிறேன், எந்தக் கன்டெய்னரையும் அப்படி அடைக்க விடமாட்டோம்.

ஆகவே என் யோசனை இது. ஃபர்ஸ்ட் கிளாஸை ஒழிக்கச் சொல்லவில்லை. என் முழங்கால் சம்மதிக்காது. நெருக்கடி நேரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் செகண்ட் கிளாஸ் டிக்கெட்காரர்களுக்குத் திறந்துவிடுங்கள். இதற்குச் சட்டம் புரட்ட வேண்டாம், புது டப்பாவும் வேண்டாம். இன்னின்ன நேரத்துக்கு மட்டும் பெண்களுக்கு என்று எழுதிய டப்பாக்கள் மும்பைக்காரர்களுக்குப் பழக்கம்தான். அதே மாதிரி இங்கேயும் ஒரு வரி எழுதினால் போதும். பெண்களின் ஃபர்ஸ்ட் கிளாஸை மட்டும் தொடக் கூடாது. அது பத்துப் பதினைந்து பேர் உட்காரும் பொட்டு இடம், இரவில் தனியாகத் திரும்பும் என் மகள் அதற்காகத்தான் பாஸ் எடுக்கிறாள்.

ஏசி லோக்கல்தான் எல்லாவற்றுக்கும் மருந்து என்பார்கள். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ராவில் ஓடும் லோக்கலிலிருந்து ஆட்கள் விழுந்து செத்த பிறகு, மூடுகிற கதவு வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் 2022இல் ஹார்பரில் ஓடிக்கொண்டிருந்த ஏசி வண்டியை ஆள் ஏறவில்லை என்று எடுத்து மெயின் லைனுக்குக் கொடுத்ததும் இதே ரயில்வேதான். ஆள் இல்லாததால் இல்லை, அந்த விலைக்கு எங்கள் பக்கம் ஆள் இல்லை.

போன வாரம் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பி, மூன்றரை மணி வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். வடாலாவில் ஒரு வயசாளி தவறுதலாக எங்கள் டப்பாவில் ஏறிவிட்டார். கையில் எக்ஸ்ரே உறை. மெத்தையைப் பார்த்ததும் தப்பு புரிந்து கதவோரமே நின்றுகொண்டார். இடம் தாராளமாக இருந்தது, அவர்தான் வரவில்லை. நான் நகர்ந்து கூப்பிட்டேன். வந்தவர் முழு இருக்கை காலியாக இருக்க, விளிம்பில் ஒரு சாண் மட்டும் உட்கார்ந்தார், ஒற்றைக் காலை நடைவழியில் ஊன்றியபடி. எதிர்சீட்காரர் போனிலிருந்து தலைதூக்கி, "அங்கிள், யே ஃபர்ஸ்ட் கிளாஸ் ஹை" என்றார், என்னைப் பார்த்து.

குர்லாவில் வயசாளி இறங்கிக்கொண்டார். அவர் வெளியேயும் போகவில்லை, டிசியிடமும் மாட்டவில்லை. ஓடிப்போய் அடுத்த டப்பாவின் கதவுக் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.