தெரிந்துகொள்வோம்: காக்கையை விரட்டலாம், கொல்லலாமா?

பசுந்தாங் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்துள்ள நம் குடும்பங்கள், வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அடுத்தபடியாக நம்மிடம் கேட்பது காக்கையைப் பற்றித்தான். மாடியில் கருவாடு காயவைக்க முடியவில்லை, தலையில் கொத்துகிறது, விடியுமுன் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்கிறார்கள். "எலி மருந்தைச் சோற்றில் கலந்து வைத்தால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. அப்படிச் செய்யவே கூடாது என்பதே நம் பதில். காரணங்களைப் பார்ப்போம்.

முதலில் சட்டம். பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்த காலத்திலேயே, 1912இல், காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1936இல் பர்மாவுக்கென்று தனிச் சட்டமும், பிறகு 1994இல் ஒன்றும் இயற்றப்பட்டன. இப்போது நடைமுறையில் உள்ளது 2018 மே மாதத்தில் வந்த சட்டம். முழுப் பாதுகாப்பு உள்ளவை, சாதாரணப் பாதுகாப்பு உள்ளவை, பருவகாலப் பாதுகாப்பு உள்ளவை என்று உயிரினங்களை அது மூன்றாகப் பிரிக்கிறது. பச்சை மயில், இருவாய்ச்சி, சாரசக் கொக்கு போன்ற முழுப் பாதுகாப்பு உள்ளவற்றைக் கொன்றால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. ஆகவே பெயர் தெரியாத பறவை எதையும் பிடிக்கவோ விற்கவோ வாங்கவோ வேண்டாம். பயா வாசலில் புண்ணியத்துக்காக விடுவிக்கவென்று கூண்டில் வைத்து விற்கும் குருவிகளையும் வாங்காதிருப்பதே நல்லது. நாம் வாங்குவதால்தான் அவற்றைப் பிடிக்கிறார்கள்.

"காக்கைக்குச் சட்டம் ஏது? ஊரில் அப்படித்தானே" என்று சிலர் சொல்கிறார்கள். அது பழைய கதை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு காக்கையையும் ஐந்தாம் அட்டவணையில் தீங்குயிர் என்று வைத்திருந்தது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அந்த அட்டவணையே இல்லாமல் போனது. இப்போது ஓர் உயிரினத்தைத் தீங்குயிர் என்று சொல்வதானால், எந்தப் பகுதிக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிட்டு மத்திய அரசே அறிவிக்கவேண்டும்.

காக்கையைக் கட்டுப்படுத்தும் நாடுகளும் உண்டு. 1890களில் மலாயாவின் கிள்ளான் பகுதிக்குக் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து காக்கைகளைக் கொண்டுபோனார்கள். அதே காலத்தில் சான்சிபாருக்கு, ஊர்க் குப்பையைத் தின்று தீர்க்கட்டும் என்று கொண்டுபோனார்கள். இரண்டு இடங்களிலும் அவை பெருகிவிட்டன. வேலைக்கு அழைத்தவர்களே பிறகு துப்பாக்கி தூக்கினார்கள். 2024இல் கென்யா அரசு பத்து லட்சம் காக்கைகளைக் கொல்லப்போவதாக அறிவித்தது. ஆனால் அங்கும் மருந்து வைப்பது அனுமதி பெற்றவர்களின் வேலை, குடித்தனக்காரர் வேலை அல்ல. சிங்கப்பூரில் 2020 முதல் காட்டுப் பறவைக்குத் தீனி போடுவதே குற்றம்.

நம் நிலைமைக்கு வருவோம். நாம் வைக்கும் விஷத்தைத் தெருநாயும் தின்னும், பக்கத்து வீட்டுப் பூனையும் தின்னும், தவழும் குழந்தையும் எடுத்து வாயில் போடும். அக்கம்பக்கத்துப் பர்மியருக்குப் பஞ்சசீலத்தில் முதலாவது உயிர் கொல்லாமை. செத்த காக்கை அவர்கள் வாசலில் விழுந்தால் புகார் வார்டு அலுவலகத்துக்குப் போகும். இரவு தங்குவோர் பதிவு 2016இல் நீக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் திரும்ப வந்துவிட்டது. பதிவு இன்னும் சரியாக முடியாத குடும்பத்தின் வாசலில் அலுவலர் வந்து நிற்பது எதில் போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படி வருவதற்கு ஒரு காக்கை காரணமாகலாமா?

பிள்ளைகள் கையில் கவணும் வேண்டாம். 2021 போராட்டங்களில் இளைஞர்கள் கவண் பிடித்ததை யாரும் மறக்கவில்லை. கல்லெறிவதிலும் பயனில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லப் 2006இல் முகமூடி அணிந்து அந்நாட்டுக் காக்கைகளைப் பிடித்து விடுவித்தார். ஆண்டுகள் கழித்தும் அவை அந்த முகமூடியைக் கண்டதும் கூடிக் கத்தின. பகைத்த முகத்தைக் காக்கை மறப்பதில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

குப்பையைப் பின்சந்தில் வீசாமல், பையில் இறுகக் கட்டி, வண்டி வரும் நேரத்தில் கொடுங்கள். தீனி இல்லாத இடத்தில் காக்கை தங்காது. கருவாடு, வடகம், மிளகாய் காயும்போது பழைய கொசுவலையை மேலே விரித்து நான்கு மூலையிலும் கல் வையுங்கள். மாடிக் கயிற்றில் கட்டித் தூக்கும் பையைத் திறந்தபடி தொங்கவிடாதீர்கள்.

அமாவாசைக்கும் திதிக்கும் காக்கைக்குச் சோறு வைப்பதை விடச் சொல்லவில்லை. அது நம் பெரியவர்களுக்கு வைப்பது. ஒரு கைப்பிடி போதும். கீழ்வீட்டார் துணியில் விழாத இடமாகப் பார்த்து இலையில் வைத்து, அரைமணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

காக்கை தலையில் கொத்துவது கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில்தான். முட்டை பொரிய 16 அல்லது 17 நாள், குஞ்சு பறக்க மூன்று நான்கு வாரம். அதுவரை குடை பிடித்துப் போகலாம், அல்லது வேறு வழியாகப் போகலாம். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைத் தொடாதீர்கள். குஞ்சு பறந்தபின் வெறுங்கூட்டை எடுத்தால் போதும். மின்கம்பத்தில் கம்பிகளால் கட்டிய கூடு என்றால் நீங்கள் ஏறவேண்டாம், மின்சார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தெருமரத்தின் கிளையை வெட்டுவதானால் நகராட்சியின் அனுமதி வேண்டும்.

கடைசியாக ஒன்று. செத்துக்கிடக்கும் காக்கையை வெறுங்கையால் தொடக்கூடாது. 2006இல் மாந்தலையில் பறவைக் காய்ச்சல் கண்டது. 2021 ஜனவரியில் ராஜஸ்தானில் காக்கைகளே அந்நோயால் விழுந்தன. ஒன்றுக்கு மேல் செத்துக்கிடந்தால் கால்நடை மருத்துவத் துறைக்குத் தெரிவியுங்கள். தனியாகப் போகத் தயக்கமாயிருந்தால், மொழி தெரிந்த பழைய குடும்பத்தார் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நம்மவர் யாரும் மறுக்கமாட்டார்கள்.

அடுத்த இதழில் மழைக்காலத்துக் குடிநீர் பற்றிப் பார்ப்போம். ஐயங்கள் இருந்தால் எழுதுங்கள்.