ராஜாவிலிருந்து காசோலை வரை

மருத்துவமனையில் ‘செக்கப்’. மாநில எல்லையில் ‘செக் போஸ்ட்’. ரயிலில் ‘டிக்கெட் செக்கர்’, வங்கியில் ‘செக்’, ஜவுளிக்கடையில் ‘செக்டு ஷர்ட்’. தேர்தல் நெருங்கினால், கூட்டணிக் கட்சிக்குத் தலைவர் ‘செக் வைத்தார்’ என்று தலைப்புச் செய்தியே வந்துவிடும். ஆங்கிலம் தெரியாது என்று சொல்பவர்கூட இந்த ஒரு சொல்லைத் தாராளமாகப் புழங்குகிறார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கோ அது நோட்ஸில் வரும் ஒரு பட்டியல்: சரிபார், தடு, கட்டம், காசோலை. நான்கையும் தனித்தனியே உருப்போட வேண்டும். இவற்றுக்குள் என்ன உறவு என்று ஒரு பிள்ளை கேட்டால், ‘இங்கிலீஷ் அப்படித்தான்’ என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அது பதிலே அல்ல. நான்கும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாயைக் காட்டிவிட்டால் பாதி உருப்போடும் வேலை குறைந்துவிடும்.

தாய், பாரசீக மொழியின் ‘ஷா’. ராஜா என்று பொருள். இந்தியாவில் யானை, குதிரை, தேர், காலாள் என நால்வகைப் படையோடு பிறந்த சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய் ‘சத்ரங்’ ஆனது. அரபியர் கைக்கு வந்தபோது ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. எதிராளியின் ராஜாவைத் தாக்கும் நிலையில் காயை வைத்தவர், ‘ஷா!’ என்று குரல் கொடுத்து எச்சரிப்பது வழக்கம். ஆட்டம் அரபியர் வழியே ஐரோப்பாவுக்குப் பரவியபோது அந்தக் குரலும் கூடவே போனது. பழைய பிரெஞ்சில் அது ‘எஷெக்’. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘செக்’. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையே ‘செஸ்’ ஆயிற்று. ஆக, செஸ் என்றால் ‘ராஜாக்கள்’ என்றுதான் அர்த்தம்.

‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’. ராஜா செத்தார் என்று அதற்குப் பொருள் சொல்வோர் உண்டு. அரபியில் ‘மாத’ என்றால் இறந்தான். ஆனால் பாரசீகத்தில் ‘மாத்’ என்பது திகைத்துச் செயலற்றுப் போன நிலையைக் குறிக்கும். சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை, நகர வழியில்லாமல் நிறுத்துவதோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது என்பதால் இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

ராஜா நிற்கும் இடத்தில் அபாயம் வந்துவிட்டால் ஆடுபவர் தன் இஷ்டத்துக்கு வேறு காயை நகர்த்த முடியாது. கையைக் கட்டிப்போட்டது போலாகிவிடும். ‘தடு’, ‘கட்டுப்படுத்து’ என்ற பொருள் இங்கிருந்து கிளைத்தது. ‘செக் வைத்தார்’ என்று எழுதும் தமிழ்ச் செய்தியாளர் அந்தப் பழைய ஆட்டக்காரரின் பொருளிலேயே சொல்லைக் கையாள்கிறார்.

கட்டம் போட்ட துணிக்குப் பெயர் வந்தது சதுரங்கப் பலகையின் தோற்றத்தால். போர்த்துக்கீசியத்தில் சதுரங்கத்தின் பெயர் ‘ஷத்ரேஸ்’. நம்முடைய சதுரங்கம் என்ற சொல்லே தேய்ந்து அப்படி ஆனது. அம்மொழியிலும் கட்டம் போட்ட துணிக்கு அதே பெயர். 2022 ஒலிம்பியாட்டுக்காகச் சென்னை நேப்பியர் பாலத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டியபோது, பார்த்தவர்களுக்கு எதுவும் சொல்லாமலே செஸ் நினைவுக்கு வந்தது அல்லவா? கண்ணில் பதிந்த அந்த உருவந்தான் ஆட்டத்தின் பெயரைத் துணிக்கும் கொடுத்தது.

இதைவிடச் சுவையானது இங்கிலாந்தின் கஜானாக் கதை. 12ஆம் நூற்றாண்டில், முதலாம் ஹென்றி காலத்தில், ஷெரீப்கள் வசூலித்த பணத்துக்குக் கணக்கு ஒப்படைக்க ஒரு மேசைமுன் வந்து உட்கார வேண்டும். பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. பென்ஸுக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு ஒரு பத்தி. ரோமானிய எண்களில் பூஜ்யம் இல்லை. கூட்டல் கழித்தலுக்கு அவை லாயக்கற்றவை. அதனால் வில்லைகளைத் துணிமேல் நகர்த்தியே கணக்குப் பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஷெரீப்பும் தன் பாக்கி எவ்வளவு என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். கஜானா அதிகாரியான ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களில் எழுதத் தொடங்கிய நூலில் இந்த மேசையைச் சதுரங்கப் பலகைக்கு ஒப்பிட்டு, கஜானாக்காரரும் ஷெரீப்பும் எதிரெதிரே ஆடுவதாக விவரிக்கிறார். மேசையின் பெயரே அலுவலகத்தின் பெயரானது: ‘எக்ஸ்செக்கர்’. பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அது இன்றும் இருக்கிறது.

‘கட்டுப்படுத்து’ என்பதிலிருந்து, ஒப்பிட்டுச் ‘சரிபார்’ என்பதற்கு வர அதிக தூரமில்லை. 18ஆம் நூற்றாண்டில் வங்கித் தாள்களில் மோசடி நடக்காமல் இருக்க, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று வைத்துக்கொண்ட அடித்தாளுக்குச் ‘செக்’ என்று பேர். பிறகு அந்தப் பெயர் பணம் தரும் தாளுக்கே நிலைத்தது. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் மாறியதில் எக்ஸ்செக்கரின் சாயல் உண்டு. 1881ஆம் ஆண்டின் நம் செலாவணி முறிச் சட்டமும் அந்த எழுத்துக்கூட்டலையே பின்பற்றுகிறது. அமெரிக்கர்கள் பழையதையே வைத்துக்கொண்டார்கள்.

ஒரு பாடவேளை போதும், இத்தனையும் சொல்லிவிட. ஒரு சதுரங்கப் பலகையை மேசைமேல் வைத்தால் நான்கு பொருளும் பிள்ளைகள் மனதில் தானாக உட்காரும். கூடவே வரலாறும் கணக்கும் கொஞ்சம் ஏறும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வேர் தேடுவது என்றாலே ஒலி ஒத்துப்போவதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். தமிழில் எண்ணெய் ஆட்டும் செக்கு இருக்கிறது, அந்தி நேரத்துச் செக்கர் வானம் இருக்கிறது; இரண்டுக்கும் அந்தச் ‘செக்’குக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கட்டுமரம், மிளகுத்தண்ணீர், சுருட்டு ஆகியவை ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள் என்று தலைநிமிர்ந்து சொல்ல முடிவதற்குக் காரணம், அவற்றின் பயணத்துக்கு எழுத்துச் சான்று இருப்பது. ஆதாரமில்லாத ஊகங்களைப் பிள்ளைகளிடம் சொன்னால் அந்த உண்மையான பெருமைகளும் சேர்ந்தே சந்தேகத்துக்கு ஆளாகும். ஆகவே ஆசிரியர் சொல்லும் கதை, வரலாற்றுச் சான்றோடு பொருள் தரும் அகராதியைப் பார்த்துச் சொன்னதாக இருக்கட்டும். பாடநூல் குழுவினர் ஒவ்வொரு பாடத்தின் சொற்பட்டியலிலும் ஒரே ஒரு சொல்லுக்காவது இப்படி நாலு வரி சேர்க்கலாம். அடுத்த சொல் ‘பேங்க்’ ஆக இருக்கட்டும்: பணம் மாற்றுவோர் உட்கார்ந்த இத்தாலிய பெஞ்சில் அது தொடங்குகிறது.