கடிகாரம் அளக்காத வெற்றி

நீச்சற் போட்டியில் வென்றவரின் பெருமையைக் கடிகாரமே அளந்து கூறும் என்பது பலர் கருத்து. அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று என்பதற்கு விளாதிமிர் சால்நிக்கோவ் என்னும் வீரரின் வரலாறு தக்க சான்றாகும்.

அவர் அந்நாளைய சோவியத் நாட்டின் லெனின்கிராடு நகரில் 1960-ஆம் ஆண்டிற் பிறந்தார். அவர் சிறந்து விளங்கியது 1,500 மீட்டர் விருப்ப நீச்சல். ஐம்பது மீட்டர் நீளமுள்ள குளத்தை முப்பது முறை கடந்தாலன்றி அத்தொலைவு நிறைவுறாது. தொடக்கத்திலேயே வலிமை முழுவதையும் செலவிடுவோர் இடையில் தளர்வர். ஆதலின், அதற்கு உடலுரத்தோடு பொறுமையும் மிகுதியாக வேண்டும்.

1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் போட்டியில் அவர் அத்தொலைவை 14 நிமிடம் 58.27 விநாடியிற் கடந்தார். பதினைந்து நிமிடத்திற்குள் அதனை முடித்த முதல் வீரர் அவரே. ஆயினும், அமெரிக்கா முதலிய நாடுகள் அரசியற் பிணக்கால் அப்போட்டிக்கு வரவில்லை. அவர்களும் வந்திருப்பின் யார் வென்றிருப்பார் என்னும் ஐயத்திற்கு இடம் இருந்தது. 1983-இல் அவர் தம் சாதனையை 14 நிமிடம் 54.76 விநாடியாக உயர்த்தினார். ஆனால், 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியைச் சோவியத் நாடு புறக்கணித்தது. ஆற்றல் நிறைந்திருந்த காலத்தில், தம் குற்றம் யாதுமின்றியே அவர் வாய்ப்பை இழந்தார்.

ஆண்டுகள் கழிந்தன, வேகமும் குறைந்தது. 1987-ஆம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் அவர் இறுதிச் சுற்றுக்கும் தேறவில்லை. அவர் காலம் முடிந்தது எனப் பலரும் எண்ணினர். அவரோ மனைவியார் மரீனாவின் துணையுடன் பயிற்சியைத் தொடர்ந்தார். 1988-இல், தம் இருபத்தெட்டாம் வயதில், சியோல் நகரில் 15 நிமிடம் 0.40 விநாடியில் நீந்தி மீண்டும் பொற்பதக்கம் பெற்றார். பின்னர் அவர் உணவுக்கூடத்தினுள் நுழைந்தபோது, பன்னாட்டு வீரரும் எழுந்து நின்று கைதட்டிப் போற்றினர்.

எண்ணை மட்டும் நோக்குவோர், முந்திய வெற்றியே சிறந்தது என்பர். பிந்தியது இரண்டு விநாடிக்கு மேல் தாழ்ந்ததன்றோ? ஆயின், அவருடைய 1983-ஆம் ஆண்டுச் சாதனையும் 1991-இல் பிறரால் முறியடிக்கப்பட்டது. எண்களின் இயல்பு அதுவே. முந்திய வெற்றிக்கு இளமையும் சொந்த நாட்டாரின் ஆரவாரமும் துணை நின்றன. பிந்தியதற்கோ, தோல்வியையும் பிறர் ஐயத்தையும் பொறுத்து நின்ற உள்ளமே துணை. கடிகாரம் நீந்திய நேரத்தை அளக்கும். எட்டாண்டுகள் காத்திருந்த உறுதியை அளக்காது. அதனை அளந்தறிந்தவர்கள், அன்று எழுந்து நின்ற வீரர்களே. ஆதலின், சியோல் வெற்றியே பெரிதெனக் கொள்ளத்தகும்.