பிரிக்க வருகிற மூட்டு

வயலினைப் போல வளைவாகச் செதுக்கிய மேற்பலகையும் இரண்டு எஃப் துளைகளும் கொண்டது ஆர்ச்டாப் கிட்டார். 1920களில் வடிவமைப்பாளர் லாயிட் லோர் காலத்தில் கிப்சன் நிறுவனம் கொண்டுவந்த எல்-5 தான் இந்த வகைக்கு இலக்கணம் வகுத்தது. இதன் கழுத்தை, வால்போல வெட்டிய முனையைக் காடியில் செருகும் டவ்டெயில் மூட்டுப் போட்டு உடலோடு சேர்த்தால் உசத்தி, போல்ட் போட்டு முடுக்கினால் மட்டம் என்று ரசிகர்களிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மரம் மரத்தோடு எவ்வளவு நெருங்கிப் பொருந்தியிருக்கிறது, நாளைக்குச் சேதமில்லாமல் பிரிக்க வருமா என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

கழுத்து பதினான்காவது ஃபிரெட்டில் உடலோடு சேர்கிறது என்று வையுங்கள். அங்கிருந்து பிரிட்ஜ் சுமார் 28 செ.மீ. தள்ளி இருக்கும். மூட்டில் ஒரு டிகிரி பிசகினால் பிரிட்ஜ் இருக்குமிடத்தில் கம்பியின் உயரம் ஏறக்குறைய 5 மி.மீ. மாறிவிடும். அந்த பிரிட்ஜும் ஒட்டப்பட்டதல்ல. கம்பிகளின் அழுத்தத்தில்தான் பலகைமேல் உட்கார்ந்திருக்கிறது. கோணம் தவறினால் விரலுக்கும் கஷ்டம், ஓசைக்கும் கேடு. டவ்டெயிலில் வாலும் காடியும் எங்கெங்கே தொடுகின்றன என்று தெரிய, நல்ல தச்சர் சாக்கட்டியைத் தேய்த்துப் பொருத்திப் பார்ப்பார். சுண்ணம் ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சீவுவார். அவசரக்காரர் கூடுதலாகச் சீவிவிட்டு இடைவெளியைப் பசையால் நிரப்புவார். வார்னிஷ் ஏறிய பிறகு இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான்.

போல்ட் அதிர்வைத் தடுக்கும் என்பார்கள். போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும்தான். அதிர்வு கடப்பது மரம் மரத்தைத் தொடும் பரப்பு வழியாக. ஸ்ட்ராடிவாரி தம் வயலின்களின் கழுத்தை உள்ளிருந்து ஆணி அடித்தே பொருத்தினார். பிற்காலத்தில் அநேகமாக எல்லாவற்றிலும் அதைக் கழற்றிவிட்டு, காடி வெட்டி வேறு கழுத்து வைத்தார்கள். அதனால் அவற்றின் மதிப்புக் குறையவில்லையே.

ஒழுங்காகச் செய்த மூட்டை எதற்குப் பிரிக்க வேண்டும் என்ற கேள்வி இதைவிட நியாயமானது. ஆனால் எஃகுக் கம்பிகள் எழுபது கிலோ அளவுக்கு இரவும் பகலும் இழுக்கும்போது, பத்து இருபது வருஷத்தில் எந்த மரமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கழுத்தைக் கழற்றிக் கோணத்தைத் திருத்தும் நாள் வரத்தான் செய்யும். பழைய கிட்டார்களின் வச்சிரப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். ஒரு ஃபிரெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் சிறு துளையிட்டு ஆவி விட்டால் மூட்டு விட்டுக்கொடுக்கும். போல்ட் என்றால் ஸ்பேனர் போதும். எபாக்ஸியைக் குழைத்து ஊற்றிய டவ்டெயில்தான் ஆவிக்கு மசியாது, அது எத்தனை அழகாக வெட்டப்பட்டிருந்தாலும். கிட்டார் வாங்கப் போகிறவர் மூட்டின் பெயரைக் கேட்பதோடு நிற்காமல் என்ன பசை என்றும் கேட்கலாம்.