பூனைக்குட்டியும் மணல் பெட்டியும் - யாருக்கு ட்ரெய்னிங்?

சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க தட்டைக் கழுவிட்டு வாங்க. மேட்டர் ஆய், மூச்சா சம்பந்தப்பட்டது :-)

இங்கே மாண்ட்ரியலில் மாணவர்கள் சேர்ந்து தங்கியிருக்கிற வீடுகளில் பூனைக்குட்டி வளர்க்கிறது ரொம்ப சகஜம். நாய்னா பனியிலயும் வெளியே கூட்டிட்டுப் போகணும், பூனைன்னா ஒரு பெட்டியை வெச்சா முடிஞ்சுதுன்னு ஒரு நினைப்பு. குட்டி வந்து ரெண்டு வாரம் ஆனதும் ஒரு புகார் கிளம்பும் பாருங்க. "இதுக்கு அறிவே இல்லடா. இத்தாம் பெரிய பெட்டி வெச்சிருக்கேன், பக்கத்துலயே கம்பளத்துல போயிருக்கு. வேணும்னே பண்ணுது!"

இந்த 'வேணும்னே பண்ணுது' என்கிற மூணாவது வாக்கியத்தோட தான் எனக்குச் சண்டை. பெட்டிக்கு வெளியே போற குட்டி உங்களைப் பழி வாங்கல. பெட்டியில ஏதோ கோளாறு, இல்லைன்னா அது உடம்புல ஏதோ கோளாறு. ரெண்டையும் சரி பண்ண வேண்டியது நாம. ட்ரெய்னிங் நமக்குத்தான், குட்டிக்கு இல்ல. இதான் என் கட்சி.

"ஒரு பூனை ஆய் போறதுக்கு இவ்ளோ பில்டப்பா"ன்னு கேக்கலாம். விஷயம் இருக்கு. இந்த ஊர்ல வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-ல் முடியும். ஜூலை 1 அன்னிக்கு ஊரே மெத்தையும் ஃபிரிட்ஜுமா வீடு மாறிக்கிட்டு இருக்கும். வருஷா வருஷம் அந்தச் சமயத்துலதான் விலங்குக் காப்பகங்கள் நிரம்பி வழியும். புது வீட்டுக்காரர் வேணாங்கிறார், இல்ல கம்பளம் நாறுது, டெபாசிட்... அதாவது நம்ம மானம் போகுதுன்னு விட்டுட்டுப் போயிடறாங்க. பூனைகளைக் காப்பகத்தில் விடுவதற்கான காரணங்களை அலசி 1996-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வு, வீட்டுக்குள் கண்ட இடத்தில் போகிற பூனைக்கு வீட்டை இழக்கிற ஆபத்து அதிகம்னு காட்டுச்சு. ஆக, ஒரு குட்டிக்கு வீடு நிலைக்குமா இல்லையாங்கிறதை இந்தப் பெட்டி முடிவு பண்ணிடுது.

நம்மாளுங்களுக்கு இதுல ஒரு கூடுதல் சிக்கல். ஊர்ல பூனைக்கு யாரு பெட்டி வெச்சா? அது பாட்டுக்குக் கொல்லைப்பக்கம் போகும். வீடு கட்ட யாராவது மணல் கொட்டியிருந்தா அதுக்குக் கொண்டாட்டம். விறகடுப்பு இருக்கிற வீட்டுல குளிர்ந்த சாம்பலைக் கிளறி வெச்சுட்டுப் போகும், பாட்டி காலையில திட்டிக்கிட்டே அள்ளுவாங்க. பூனைக்கு யாரும் சொல்லிக் குடுத்ததா நமக்கு ஞாபகமே இல்ல. அதனால இங்கே வந்து குட்டி வளர்க்கும்போது, 'அதுவே கத்துக்கும்'னு ஒரு கோஷ்டி, 'அடிச்சுத் திருத்தணும்'னு ஒரு கோஷ்டி.

முதல் கோஷ்டி சொல்றதுல பாதி உண்மை. வீட்டுப்பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா பக்கத்து வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தோண்டி, போய், மூடுற பழக்கம் ரத்தத்துல இருக்கு. பிறந்து முதல் மூணு வாரம் குட்டியால தானா போகவே முடியாது, தாய் நக்கி விட்டாத்தான் போகும். அப்புறம் மூணு நாலு வாரத்துலயே உதிரியா எதைக் கண்டாலும் தானே தோண்ட ஆரம்பிக்கும். அதனால மணலைக் கிளறக் கத்துக் குடுக்கிற வேலை நமக்குக் கிடையாது. 'இந்த வீட்டுல மணல் எங்கே இருக்கு'ன்னு காட்டுறது மட்டும்தான் நம்ம வேலை.

பெட்டியோட வரலாறும் அப்படி ஒண்ணும் பழசில்ல. 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துல எட் லோ என்கிறவர்கிட்ட பக்கத்து வீட்டம்மா பூனைக்குக் கொஞ்சம் மணல் கேட்டாங்க. குளிர்காலம், அவங்க மணல் குவியல் உறைஞ்சு கெடக்கு. இவர் எண்ணெய் உறிஞ்சுறதுக்காக வித்துக்கிட்டிருந்த களிமண் குருணையைக் குடுத்தார். அது பிடிச்சுப் போய், பெரிய வியாபாரமே ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி அங்கேயும் மணலும் சாம்பலும் தான். முழுநேரமும் வீட்டுக்குள்ளேயே பூனையை வெச்சுக்கிறது சுலபமானதே அதுக்கப்புறம்தான். பூனை பக்கம் பல்லாயிரம் வருஷப் பழக்கம், பெட்டி பக்கம் எண்பது வருஷம் கூட முழுசா ஆகல. யார் யாருக்கு வளைஞ்சு குடுக்கணும், நீங்களே சொல்லுங்க.

சரி, குட்டி ஏன் வெளியே போகுது? முக்கியமான காரணங்கள் இதுதான்:

1. தூரம். குட்டியால ரொம்ப நேரம் அடக்க முடியாது. விளையாடுற இடம் ஹால், பெட்டி கீழ்த்தளத்துல வாஷிங் மெஷின் பக்கத்துல. பாதி வழியிலேயே கதை முடிஞ்சிடும். மெஷின் திடீர்னு உதற ஆரம்பிச்சு ஒரு தடவை பயந்துடுச்சுன்னா மறுபடி அந்தப் பக்கமே வராது. முதல் ஒரு வாரம் குட்டியை ஒரே அறையில வைங்க. பெட்டி ஒரு மூலை, சாப்பாடு எதிர் மூலை. சாப்பிடுற இடத்துக்குப் பக்கத்துல போறது அதுக்கும் பிடிக்காது.

2. உயரம், அகலம். விளிம்பு குட்டி நெஞ்சுக்கு மேல இருந்தா ஏற யோசிக்கும். ஒரு பக்கம் தாழ்வா இருக்கணும். ஆனா பெட்டி பெருசா இருக்கணும், வளர்ந்த பூனையோட நீளத்துல ஒன்றரை மடங்குன்னு ஒரு கணக்கு. கடையில பூனைப் பெட்டின்னு விக்கிறதுல பாதி இதைவிடச் சின்னது. துணி போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்பா வாங்கி ஒரு பக்கத்தை வெட்டி விடுங்க, விலையும் கம்மி. வெட்டின விளிம்பைத் தேய்ச்சு வழவழப்பா ஆக்கிடுங்க.

3. எண்ணிக்கை. பூனை எத்தனையோ அதைவிட ஒண்ணு கூட. ஒரு குட்டின்னா ரெண்டு பெட்டி, அதுவும் ரெண்டு இடத்துல. பக்கத்துப் பக்கத்துல வெச்சா அது கணக்குல ஒரே பெட்டிதான்.

4. மணல். நைஸான, வாசனை சேர்க்காத மணல்தான் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். லாவெண்டர் வாசனை எல்லாம் நம்ம மூக்குக்காக. அதுக்கு மூக்கு நம்மைவிடப் பல மடங்கு கூர்மை. ரொம்பச் சின்னக் குட்டிக்கு மட்டும் ஈரம் பட்டா கட்டியாகிற மணல் வேண்டாம், வாயில போட்டுக்கும். அதுவரைக்கும் காகிதம், மரத்தூள் உருண்டை நல்லது. மாத்தும்போது ஒரே நாள்ல மாத்தாம ஒரு வாரம் கலந்து கலந்து மாத்துங்க.

5. சுத்தம். இதான் தலையாய காரணம். தினமும் ஒரு தடவையாவது அள்ளணும். தண்ணி ஊத்தாத பொதுக் கழிப்பறைக்குள்ள நாம போவோமா? மூடி போட்ட பெட்டி பார்க்க அழகா இருக்கும், ஆனா நாத்தம் உள்ளேயே நிக்கும், நமக்கும் அள்ள மறந்து போகும்.

இது கூடவே நேரத்துக்குச் சாப்பாடு. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், ஒரு ஆட்டம் ஆடி முடிச்சதும் தூக்கிட்டுப் போய்ப் பெட்டி பக்கத்துல விடுங்க. உள்ள போட்டு அமுக்காதீங்க. காலைப் பிடிச்சு மணல்ல கிளற வைக்கிறதும் வேண்டாம், பயந்துதான் போகும்.

இவ்வளவும் பண்ணியும் 'பத்துக்கு எட்டு தடவை உள்ளே, ரெண்டு தடவை வெளியே'ன்னு வந்தா? அந்த ரெண்டைத்தான் பார்க்கணும். ஃபிரிட்ஜ்ல ஒரு பேப்பரை ஒட்டி நாலே விஷயம் எழுதுங்க: எப்போ, எங்கே, ஆயா மூச்சாவா, பெட்டி அப்போ எப்படி இருந்தது. நண்பன் ஒருத்தன் வீட்டுல நாலு பேர், ஒரு குட்டி. வெளியே போனதெல்லாம் சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை காலையில மட்டும். "மச்சான், குட்டி கேலண்டர் பாக்குதுடா"ன்னு சிரிச்சாங்க. மூணு வாரம் எழுதினப்புறம்தான் தெரிஞ்சுது, வெள்ளி, சனி ராத்திரி நாலு பேருமே வெளியே போயிடறாங்க, அள்ள ஆளில்ல! நாலு பேர் முறை வெச்சு அள்ள ஆரம்பிச்சதும் பிரச்சினை போயிடுச்சு. குட்டிக்கு ஒரு வார்த்தை கூட யாரும் சொல்லிக் குடுக்கல.

அடுத்தது இந்த 'மூக்கைத் தேய்க்கிற' வைத்தியம். போன இடத்துல மூக்கைத் தேய்ச்சா, கத்தினா, அடிச்சா குட்டி என்ன கத்துக்கும்? 'இங்கே போகக்கூடாது'ன்னு இல்ல. 'இந்த ஆள் முன்னாடி போகக்கூடாது'ன்னுதான். அப்புறம் சோபாவுக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அடியிலன்னு ஒளிஞ்சு போகும். உங்க முன்னாடி பெட்டிக்குள்ளயும் போகாது. அடிச்ச கையாலேயே பிரச்சினையை நாலு மடங்கு ஆக்கிக்கிட்ட மாதிரி.

போன இடத்தைச் சுத்தம் பண்றதுலயும் நம்மாளுங்க ஒரு விஷயம் கவனிக்கணும். நம்ம வீட்டு வழக்கம், எதுக்கெடுத்தாலும் டெட்டால். தண்ணியில ஊத்தினா பால் மாதிரி ஆகுதே, அந்த வகை ஃபினாயில் சமாச்சாரம் எல்லாம் பூனைக்கு விஷம். அதை உடைச்சு வெளியேத்துற சக்தி பூனையோட கல்லீரலுக்கு ரொம்பக் குறைவு. பாதத்துல பட்டு, நக்கி, உள்ளே போயிடும். அமோனியா கலந்தது வேண்டாம், மூத்திர வாசனையை ஞாபகப்படுத்தி மறுபடி அங்கேயே கூப்பிடும். பிளீச் மூத்திரத்தோட சேர்ந்தா நச்சு வாயு வரும், அது நமக்கே ஆகாது. பிராணிகள் கடையில என்சைம் கலந்த திரவம் கிடைக்கும், அதுதான் வாசனையை வேரோட எடுக்கும்.

இனி சொல்லப்போறது சீரியஸ். முன்னாடி ஒழுங்கா போயிட்டிருந்த பூனை திடீர்னு மாறினா, முதல்ல போக வேண்டியது கால்நடை மருத்துவர்கிட்ட. குட்டிகள்ல பூச்சி, வயித்துப்போக்கு. வளர்ந்ததுல மூத்திரப்பை அழற்சி. புது ஆள், வீடு மாறுறது மாதிரி மன அழுத்தம் கூட அதைக் கிளப்பி விடும். எல்லாத்தையும் விட ஆபத்து, ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் அடைச்சுக்கிறது. பெட்டிக்குப் போகும், முக்கும், கத்தும், சொட்டு கூட வராது. மறுபடி போகும். மலச்சிக்கல்னு நினைச்சுடாதீங்க. விட்டா ரெண்டு மூணு நாள்ல உயிர் போயிடும். நாளைக்குப் பார்க்கலாம்னு இல்ல, அன்னிக்கு ராத்திரியே ஓடணும். பெட்டியைத் தினமும் அள்ளுறவங்களுக்குத்தான் இன்னிக்கு மூத்திரக் கட்டி இல்லையேன்னு கண்ணுல படும். வாரத்துக்கு ஒரு நாள் அள்ளுறவங்களுக்கு எப்படித் தெரியும்?

இதே காரணத்தாலதான் பூனையை நம்ம டாய்லெட்ல உக்கார வைக்கிற வித்தையும் எனக்குப் பிடிக்கல. ஜாஸ் இசைக்கலைஞர் சார்லஸ் மிங்கஸ் தன் பூனைக்கு அப்படிப் பழக்கி, எப்படின்னு ஒரு சின்னக் கையேடே போட்டார். பார்க்க வேடிக்கையா இருக்கும். ஆனா பூனைக்குத் தோண்ட மண்ணில்ல, நமக்குப் பார்க்க ஒண்ணும் மிஞ்சாது. யாருக்கு வசதி?

"அதுக்கு ஓவர் செல்லம் குடுக்கிறே"ன்னு சிலர் சொல்வாங்க. செல்லமெல்லாம் இல்லைங்க. அதை வெளியே போக விடாம நாலு சுவத்துக்குள்ள வெச்சது நாம. கொல்லைப்பக்கம் இருந்தா அது நம்மகிட்ட ஒண்ணும் கேட்டிருக்காது. வெளியே விட முடியாதுன்னா (பனியும் காரும் இருக்கிற ஊர்ல விடவும் கூடாது) அந்தக் கொல்லையை உள்ளே கொண்டு வந்து குடுக்கிறது நம்ம கடன். அதுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம், ஒரு சின்னக் கரண்டி. அவ்ளோதான்.

அதனால குட்டி வாங்கலாம்னு யோசிக்கிற மக்களே, 'அழகா இருக்கா'ன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கிற எல்லாரையும் உக்கார வெச்சு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "பரீட்சை வாரத்துலயும் யார் அள்ளுவா?" பேர் வந்தா வாங்குங்க. எல்லாரும் மேல பார்த்தா, தயவுசெஞ்சு அந்தக் குட்டியை வேற யாராவது கொண்டு போகட்டும்னு விட்டுடுங்க.

நம்ம வீட்டுல இன்னிக்கு என் முறை. கரண்டி கூப்பிடுது. வர்ட்டா...