பொன்னின் வடிவும் மரபிழையின் எழுத்தும்

கோபிசெட்டிபாளையத்துத் தட்டார் பட்டறையில் பொன் குகையிலே உருகிப் பட்டடையிலே தட்டுண்டு, கம்பியாகவும் தகடாகவும் உருக்கொள்கின்றது. அங்கே வடிவைத் தருவன கையும் சுத்தியலும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து நூறாயிரம் கூறிட்டு, அவற்றுள் ஐம்பது கூறளவே ஆன பொன்துகளை எந்தக் குறடு பற்றும்?

அந்நுண்துகளுக்கு உயிரின் மரபிழையே குறடாயிற்று. டி.என்.ஏ. என ஆங்கிலத்தில் வழங்கும் அவ்விழையில் ஏ, டி, சி, ஜி என நான்கே எழுத்துகள். அமெரிக்க நாட்டு இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் லூ யீ குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு வியப்புக்குரியது. பொன் விதைகளோடு மரபிழையைச் சேர்த்துப் பொன்னுப்புக் கரைசலில் வளரவிட்டனர். ஏ எழுத்தே தொடர்ந்த இழை சொரசொரத்த உருண்டைகளைத் தந்தது, டி விண்மீன்களை, சி தட்டையான வட்டங்களை, ஜி அறுகோணங்களை! ஈரெழுத்துகளைக் கலந்தபோது பெரும்பாலும் இடைப்பட்ட வடிவுகளே பிறந்தன. ஏயும் டியும் கலந்தபோதோ ஏயே ஓங்கிற்று. பொன்னை ஏ இறுகப் பற்றும். டி நெகிழப் பற்றும். அதுவே காரணம்.

வடிவில் என்ன இருக்கின்றது என்பார்க்கு விடை எளிது. நீரிலே மிதக்கும் நுண்பொன் உருண்டை செந்நிறங் காட்டும். அதே பொன் நுண்கோலாக நீண்டால், தசையை ஊடுருவவல்ல அகச்சிவப்பொளியை உண்டு வெப்பமாக்கும். புற்றுக்கட்டியைச் சுட்டழிக்கும் முயற்சிகள் இப்பண்பை நம்பியே நடைபெறுகின்றன.

இத்துறை தமிழ்மண்ணுக்கும் அயலன்று. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 நூறாயிரம் உருவாவும் ஈந்தெழுந்த காரைக்குடி நடுவண் மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், சுபரதா குண்டு முதலிய ஆய்வர்கள் மரபிழைமீது பொன்துகள்களைக் கோத்து நுண்கம்பியாக்கி 2013இல் வெளியிட்டனர். எம்மொழியில்? ஆங்கிலத்தில்!

உலக ஆய்வர்க்கு ஆங்கிலத்தில் உரைப்பதைக் குறைகூறுவாரில்லை. ஆனால் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வை அம்மக்கள் மொழியில் இரண்டு பக்கமேனும் எழுதித் தருதற்கு என்ன தடை? சொல் இல்லை என்பது வெறும் சாக்கு. விதை, இழை, எழுத்து, துகள் என்னும் சொற்களே மேற்கண்ட செய்தி முழுவதையும் சுமந்துவிட்டன. குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த 'நானோ'வை அப்படியே தமிழெழுத்தில் பெயர்த்தெழுதிவிட்டுத் தமிழாக்கம் முடிந்ததென்று மகிழ்வோரும் உளர். நுண்மை என்னும் சொல் அவர்தம் வீட்டில் இல்லை போலும்!

கோபியில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் வேதியியல் பயின்ற தட்டார்வீட்டுப் பிள்ளை, பொன்னின் குணத்தைப் பட்டறையிலேயே அறிந்தவன். கல்லூரி வாயிலில் அவனைத் தடுத்து நிறுத்துவது வேதியியல் அன்று. காரைக்குடி ஆய்வகம் தான் வெளியிடும் ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு தமிழ்ச் சுருக்கம் இணைத்து, அதனை மேனிலைப் பள்ளிகளுக்கு விடுத்தல் வேண்டும். இதற்குப் புதுச்சட்டம் வேண்டா. ஓர் அலுவலாணை போதும்.