துணிவுக்கும் காப்பு வேண்டும்

'அரைக் காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம்' என்ற பழமொழிக்கு வயதாகவில்லை. 2014-15 முதல் 2021-22 வரையிலான எட்டு ஆண்டுகளில் மத்திய அரசுப் பணிகளுக்கு 22.05 கோடி விண்ணப்பங்கள் வந்தன என்றும், பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 7.22 லட்சம் பேர் மட்டுமே என்றும் 2022 ஜூலையில் மக்களவையில் அரசு தெரிவித்தது.

இதைக் கண்டு, நம் இளைஞர்களுக்குத் தொழில் தொடங்கும் துணிவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. அவர்கள் சுட்டிக்காட்டுவது வென்றவர்களை மட்டுமே. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த கல்லா ராமச்சந்திர நாயுடு, அமெரிக்காவில் பொறியாளராகப் பணியாற்றித் தாயகம் திரும்பி, 1985-ல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் உருவான அதன் பேட்டரி தொழிற்சாலை பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்தது.

அவரது துணிவு போற்றத்தக்கது. ஆனால், அத்துணிவுக்குப் பின்னால் பொறியியல் படிப்பும், அயல்நாட்டுப் பணி அனுபவமும் இருந்தன. சித்தூர் மக்களவை உறுப்பினராக இருந்த ராஜகோபால நாயுடுவின் மருமகன் என்ற குடும்பப் பின்னணியும் இருந்தது.

அதே மாவட்டத்தின் மா விவசாயியும் ஒரு தொழில்முனைவோர்தான். அவருக்கு அத்தகைய பின்பலம் ஏது? 2025-ல் தோத்தாபுரி எனப்படும் கிளிமூக்கு மாம்பழத்தின் விலை சரிந்தது. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் மாநில அரசு 4 ரூபாயும் தர வேண்டும் என்று முடிவெடுக்கும் நிலை ஏற்பட்டது. விலைக்காகத் தந்தை காத்து நிற்பதைப் பார்த்து வளரும் மகன், மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலையை நாடுவது கோழைத்தனம் அல்ல. அனுபவம் தந்த பாடம்.

இந்தியர்கள் துணிவற்றவர்கள் என்பதும் உண்மையல்ல. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, வேலையில் உள்ளோரில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில் செய்பவர்களே. அவர்களில் பெரும்பாலோர் விரும்பி அல்ல, வேறு வழியின்றியே அதில் இருக்கின்றனர்.

முத்ரா கடன் வரம்பு 2024-ல் 20 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆயினும், கடன் கொடுப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. சிறு நிறுவனங்களுக்கான தொகையை 45 நாள்களுக்குள் வழங்க வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டு சட்டம். அரசுத் துறைகளே அதை முதலில் கடைப்பிடித்துக் காட்ட வேண்டும். தொழிலில் தோற்றவர் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும், முதுமையில் ஓய்வூதியமும் உறுதி செய்யப்பட வேண்டும்.

அரசு உத்தியோகத்தின் கவர்ச்சி அதன் சம்பளத்தில் மட்டும் இல்லை. அது தரும் பாதுகாப்பில் இருக்கிறது. அப்பாதுகாப்பில் ஒரு பகுதியேனும் தொழில் தொடங்குபவருக்குக் கிடைத்தால், துணிவு தானே வரும். அதைச் செய்யாமல் இளைஞர்களுக்கு அறிவுரை மட்டும் கூறிக்கொண்டிருப்பதில் பயனில்லை.